கலக்கியை நிறுத்தியவர்

கோலா தெர்லா ஊரைத் தாண்டி, தேயிலைச் சரிவுக்குள் ஒதுங்கிக் கிடந்த பழைய தொழிற்சாலையில் நான் கெமிஸ்டாகப் போய் இறங்கியதும் முதலாளி செல்வராஜு சிரித்தார்.

"மிஸ் வாசுகி, இங்க பேய் இருக்குன்னு கதை அளப்பானுங்க. காதுல போட்டுக்காதீங்க லா."

பேயைப் பற்றித் தெரியாது. இந்த மனுஷனைப் பார்த்தவுடனேயே எனக்குப் பிடிக்கவில்லை.

தேயிலை உலர்த்திய கூடத்தில் இப்போது இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கலன். பூந்தொட்டியில் போடுகிற, தண்ணீர் பிடித்துவைக்கும் மணிகளை அதில் செய்கிறோம். சூடான எண்ணெயில் மருந்துநீரை விட்டபின், கலக்கி என்கிற சுழல்தண்டு நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தால், அது துளித்துளியாகப் பிரிந்து ஒவ்வொரு துளியும் தனி மணியாக இறுகும். பாதியில் கலக்கி நின்றால் போச்சு. எல்லாம் ஒட்டி ஒரே கட்டி. அப்புறம் ஓர் ஆள் உள்ளே இறங்கி, பாராங் கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

போன வருஷம் அப்படி இறங்கிய தொழிலாளி பக்கிரிசாமி உயிரோடு ஏறவில்லை. உள்ளே ஆள் இருப்பதைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்ட மகராசன் செல்வராஜுதான். குடித்துவிட்டு விழுந்தான் என்று போலீஸிடம் கூசாமல் சொன்னார். செத்தவனின் தம்பி புவனேஸ் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறான். குடியிருக்கும் லைன் வீடு முதலாளியுடையது, பாவம் எங்கே போவான்?

அன்று மத்தியானம் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எண்ணெய் வாடை. கலக்கியின் ஒரே சீரான முனகல்.

"நிறுத்துங்க பாஸ்..."

குரல் கலனுக்குள்ளிருந்து வந்தது.

நான் புவனேஸைத் திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணன் குரல், மிஸ்," என்று புவனேஸ் கிசுகிசுத்தான்.

"எவன்டா என்னைக் கேலி பண்றவன்?" செல்வராஜு சுவிட்சை அணைத்தார்.

"ஐயோ, நிறுத்தாதீங்க! கட்டியாயிடும்!" என்று கத்தினேன்.

கேட்டால்தானே! கூடமெங்கும் ஆளைத் தேடினார். ஒருவரும் இல்லை. அதற்குள் கலனுக்குள் இருந்ததெல்லாம் ஒரே கட்டியாக இறுகிவிட்டது.

மறுநாள் ஆறிய பிறகு, "எறங்குடா புவனேஸ். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு," என்றார்.

புவனேஸ் பின்வாங்கினான். யாரும் சுவிட்சைப் போட முடியாதபடி நான் மோட்டார் ஒயரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அவன் எறங்க மாட்டான். பேயே இல்லேன்னீங்களே, நீங்க எறங்குங்க."

"தூ! பயந்தாங்கொள்ளிங்க." இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பாராங்கோடு இறங்கினார்.

வெட்டும் சத்தம் கேட்டது.

நின்றது.

உள்ளே முதலாளி ஏளனமாகச் சிரித்தார்.

"வீடுன்னதும் எறங்கிட்ட பாத்தியா, புவனேஸ்? இருட்டுல மூஞ்சிய மறைச்சுக்கிட்டு நிக்காத. அந்தப் பக்கம் வெட்டுடா."

கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு புவனேஸ் மேலே என் பக்கத்தில் நின்றான்.