மங்கி முடியும் பாட்டு

குழந்தையின் துடிப்பு திடீரென்று நின்றது. மதிய வெயில் திரைச்சீலை வழியே கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது, ஜெல்லின் மருந்து வாசனை விரல்களில் ஒட்டியிருந்தது, மனைவியின் ஏழு மாத வயிற்றில் அவன் வைத்திருந்த, துடிப்பு கேட்கும் கைக்கருவியிலிருந்து இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். பிறகு டுப், டுப், டுப் என்று துடிப்பு திரும்பியது.

"புரண்டு படுத்திருப்பா. உங்க பொண்ணாச்சே, ஒரு இடத்துல இருப்பாளா?" என்று சிரித்தாள் மனைவி.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து அறை ஸ்பீக்கரில் அவன் போட்ட புதிய டீப் ஹவுஸ் நடனப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் இதே நொடியில்தான் தாள அடி நின்று திரும்பியிருந்தது. அந்த அடி வேறெதுவும் இல்லை, போன மாதம் இதே கருவியில் பதிவுசெய்த மகளின் இதயம். டிரம் சத்தத்துக்கு எங்கெங்கோ அலைந்துவிட்டுக் கடைசியில் சொந்த வீட்டிலேயே கை வைத்திருந்தான்.

பாட்டு முடிவை நெருங்கியது. ஐயோ, அந்த முடிவு! டிஜேக்கள் அடுத்த பாட்டோடு கோக்க வசதியாக எல்லோரும் கடைசிவரை அடியை விட்டுவைப்பார்கள். இவன் பிடிவாதக்காரன். இவன் பாட்டில் மற்ற ஒலிகளெல்லாம் விலகி, வெறும் துடிப்பு மட்டும் மிஞ்சி, அதுவும் மெல்ல மங்கி அடங்கும். "என் பாட்டு செத்துத்தான்டா முடியும்" என்று பாட்டுகளை வெளியிடும் லேபிள் நடத்தும் நண்பனிடம் பெருமையடித்திருந்தான். இப்போது வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பக்கத்து அறைக்கு ஓடினான். மங்கத் தொடங்கும் முன் அந்த வெறும் துடிப்பை லூப்பில் போட்டான். திரும்பத் திரும்ப ஒலித்தது. நிற்காதே. என் தங்கம், நிற்காதே.

நண்பனுக்கு விடாமல் போன் போட்டான். ஐந்தாறு நிமிடம் கழித்துத்தான் எடுத்தான்.

"டேய், பாட்டை எடுத்துடுடா. உன் கால்ல விழறேன்."

"காலையிலயே வெளியாயிடுச்சேடா. அவங்கவங்க போன்ல இறக்கியாச்சு. நான் எங்க போய் எடுக்கறது?"

"யாரும் கடைசிவரை கேக்கக் கூடாதுடா!"

"பாட்டு போட்டவனே இப்படிச் சொன்னா எப்படி? என்னடா ஆச்சு உனக்கு?"

"என்னங்க, இங்க வாங்களேன்" என்று மனைவி கூப்பிட்டாள்.

போனான். அவள் வயிற்றின் மேல் ஹெட்போன் கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் அவள் போன். திரையில் அவனுடைய பாட்டு. முடிந்திருந்தது.

"அப்பா பாட்டை முழுசா போட்டுக் காட்டினேன். அசையாம கேட்டா."

ஹெட்போனை நகர்த்திவிட்டுக் கருவியை வயிற்றில் வைத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"எவ்ளோ ஜோரா துடிக்குது பாருங்க!"

அவன் குனிந்து கருவியில் காதை வைத்தான். இரைச்சல். வெறும் இரைச்சல்.

பக்கத்து அறை ஸ்பீக்கரில் மகளின் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது.