பெரணிப் பள்ளத்துக் குரல்

பூங்காவுக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. ஆனால் வெயிலைக் காணோம். மலை முழுக்க மூடுபனி இறங்கியிருந்தது. எதிரே நின்ற யூகலிப்டஸ் மரங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அதற்கு மேலே யாரோ அழித்துவிட்டது போல ஒன்றுமில்லை.

"ரொம்ப நல்ல நாளாப் பார்த்துக் கூட்டிட்டு வந்தீங்க," என்றாள் அம்மா.

"ஜூலை மாசம் இங்க குளிர்காலம், குளிரத்தான் செய்யும். ஆளுக்கு ரெண்டு சாசேஜ் உள்ளே போனா எல்லாம் சரியாயிடும்," என்றார் அப்பா. பூங்காவின் மின் அடுப்பை அவர் சுரண்டிக்கொண்டிருந்தார். முன்பு வந்தவர்கள் அதில் வெங்காயத்தைக் கருக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

பத்து வயது பிரைடி ரொட்டிகளில் வெண்ணெய் தடவினாள். அவளுடைய தம்பி ஆர்லோவுக்கு ஐந்து வயது. அவன் ரப்பர் பூட்ஸ் சத்தமிட மேசையைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

"பிரைடி, இங்க பேய் இருக்குமா?"

"இருந்தா, நீ போடுற சத்தத்துக்கு இந்நேரம் ஊரைவிட்டே ஓடியிருக்கும்."

"ரெண்டு பேரும் இங்க பாருங்க," என்றாள் அம்மா. "வழி தவறிட்டா என்ன பண்ணணும்?"

"ஒரு மரத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு அங்கேயே நிக்கணும்!" என்றான் ஆர்லோ.

"நின்னு?"

"கூ... ஈ!"

அந்த மலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எண்ணத் தெரியும் முன்பே இது தெரிந்துவிடும். காட்டில் தொலைந்தவர் கூ-ஈ என்று கூப்பிட வேண்டும். கேட்டவர் பதிலுக்குக் கூ-ஈ சொல்லி, அந்தக் குரலைப் பார்த்து நடக்க வேண்டும்.

சாசேஜ் பொரிய ஆரம்பித்தது. கடைசி ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது பிரைடியின் கை நின்றது. பூட்ஸ் சத்தத்தைக் காணோம்.

"ஆர்லோ?"

பதில் இல்லை. மூடுபனி இப்போது மேசை வரைக்கும் வந்திருந்தது. கார்கூடத் தெரியவில்லை.

அப்பா இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார். "கூ... ஈ!"

எல்லோரும் காத்திருந்தார்கள். மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, கீழே பெரணிச் செடிகள் மண்டிக் கிடந்த பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"கூ... ஈ!"

மெல்லிய குழந்தைக் குரல். முடிவில் ஒரு விக்கல்.

"அதோ! கீழே இறங்கிட்டான்!" அப்பா ஓடினார். அம்மாவும் ஓடினாள். "பிரைடி, நீ மேசையைவிட்டு நகராதே!"

ஆளுயரப் பெரணிகள் அசைந்தன. பிறகு அசையவில்லை. இரண்டு பேரையும் பள்ளம் விழுங்கிவிட்டது போல இருந்தது.

அப்பா கூப்பிட்டார். குரல் பதில் சொன்னது. மறுபடி கூப்பிட்டார். மறுபடி பதில் சொன்னது. ஆனால் ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. பள்ளத்தின் அடியில் ஓடை இருந்தது. மழையில் அது பெருகியிருந்தது. அதன் இரைச்சல் மேலே வரைக்கும் கேட்டது.

ஆர்லோ அங்கேயே நிற்கத்தானே வேண்டும்? அந்தக் குரல் ஏன் நகர்கிறது?

அவள் கண்ணை மூடிக் கவனித்தாள். "கூ... ஈ!" விக்கல். "கூ... ஈ!" விக்கல். அதே நீளம், அதே நடுக்கம், அதே இடத்தில் அதே விக்கல். அழுகிற பிள்ளை ஏழு தடவையும் ஒரே மாதிரி அழ முடியுமா? ஆர்லோ எதையுமே இரண்டு தடவை ஒரே மாதிரி செய்ததில்லை.

எட்டாவது கூ-ஈக்குப் பிறகு, 'க்ளிக்' என்று கேமரா ஓசை கேட்டது. அங்கே யார் படம் எடுக்கிறார்கள்?

"அப்பா, நில்லுங்க!" அவள் தன் தொண்டையால் முடிந்தவரை கத்தினாள். "அது ஆர்லோ இல்லை!"

கீழே அப்பா கூப்பிடுவது நின்றது. அது ஆர்லோ இல்லை என்றால், எது? அதை யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. யோசிக்காமல் இன்னொரு வேலை செய்தாள். பள்ளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"ஆர்லோ! உன் சாசேஜை நான் சாப்பிடப் போறேன்!"

"வேண்டாம்! அது என்னோடது!"

மேட்டுப் பக்கமிருந்து, மிக அருகில் கேட்டது. பிரைடிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அங்கேயே நில்லு! பேசிக்கிட்டே இரு!"

"என்ன பேச?"

"அதுல என்னென்ன போடணும்னு சொல்லு!"

"தக்காளி சாஸ்! வெங்காயம் வேண்டாம்! அப்புறம்... இன்னும் தக்காளி சாஸ்!"

பிரைடி அடிகளை எண்ணிக்கொண்டே அந்தக் குரலை நோக்கி நடந்தாள். இருபத்திரண்டாவது அடியில் ஒரு பெரிய மரம் வந்தது. ஆர்லோ அதைக் கட்டிப் பிடித்தபடி நின்றான். கன்னத்தில் பாசி ஒட்டியிருந்தது.

"ஏன்டா கூப்பிடலை?"

"அந்தப் பையன் கூப்பிட்டுட்டு இருந்தானே! அவன்தான் முதல்ல. நான் என் முறை வரட்டும்னு நின்னேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு, எண்ணியபடியே இருபத்திரண்டு அடி திரும்பி வந்தாள். கரிந்த சாசேஜ் வாசனை எதிரே வந்து வரவேற்றது.

சிறிது நேரத்தில் அம்மாவும் அப்பாவும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். அம்மா ஆர்லோவை இறுக்கி அணைத்தாள். அப்பாவின் கால்சட்டை பெரணிகளின் ஈரத்தில் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"இன்னும் நாலு அடி வச்சிருந்தா ஓடைக்குள்ள போயிருப்பேன்," என்றார். "நீ கத்தினதும் நின்னேன். அப்பதான் பார்த்தேன். ஒரு யாழ்ப்பறவை! வாலை விரிச்சுக்கிட்டு, என்னைப் பார்த்து அழுதுச்சு, அப்படியே பிள்ளை அழுற மாதிரி."

"அது கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும், கேமரா சத்தத்தைக்கூட," என்றாள் அம்மா.

ஆர்லோ யோசித்தான். "அப்போ அது யார்கிட்ட கேட்டுச்சு?"

ஒரே ஒரு தடவை கேட்டதிலேயே ஒரு பறவை இவ்வளவு கச்சிதமாகக் கற்றுக்கொண்டிருக்குமா? பிரைடி பள்ளத்தைப் பார்த்தாள். எப்போதோ ஒரு பிள்ளை அங்கே நின்று கூப்பிட்டிருக்கிறது. வெகு நேரம் கூப்பிட்டிருக்கிறது.

"அந்தப் பையனைக் கண்டுபிடிக்காம நான் வரமாட்டேன்," என்று ஆர்லோ மேசைக் காலைப் பிடித்துக்கொண்டான்.

"கண்ணு, அவன் இப்போ பெரிய ஆளாகியிருப்பான்டா," என்றார் அப்பா. ஆர்லோ பிடியை விடவில்லை.

பிரைடி பெரணிகளின் ஓரம் வரை போனாள். இரண்டு கைகளையும் குவித்தாள்.

"கூ... ஈ!" என்று நீளமாகக் கூப்பிட்டாள். "நாங்க இங்கதான் இருக்கோம்! வா!"

காத்திருந்தார்கள். தண்ணீர் சொட்டியது. ஒரு பெரணி இலை மட்டும், யாரோ விலக்கிவிட்டு வந்ததைப் போல, மெல்ல ஆடி நின்றது. பள்ளத்திலிருந்து பதில் வரவில்லை.

ஆர்லோ அந்த இலையைப் பார்த்துவிட்டு மேசைக் காலை விட்டான்.

"வந்துட்டான்," என்று சொல்லி, ரொட்டித் தட்டின் முன்னால், பக்கத்தில் இன்னும் ஒருவருக்கு இடம்விட்டு உட்கார்ந்தான்.