நீளக் கூடு

சம்போ மீனின் கூடு சோளம் புடைக்கும் தட்டைப்போல வட்டமாக இருக்கும். ஏரி உண்டான நாளிலிருந்து அப்படித்தான். எந்தச் சம்போவும் சதுரமாகக் கட்டிப் பார்த்ததில்லை. எனலேசி அன்று பகலில் தண்ணீருக்குள் கண்ட கூடு நீளமாக இருந்தது.

புதிதாகக் கொட்டிய மணலில், முழங்கால் ஆழத்தில், யாரோ மல்லாந்து படுத்திருந்துவிட்டு எழுந்து போனதுபோல ஒரு பள்ளம். ஓரமெல்லாம் வழித்துச் சுத்தமாக இருந்தது. ஒரு முனையில் தோள் அகலம், மறுமுனையில் பாத அகலம். மீன் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கரைக்கு மணல் என்று ஒன்று இருந்த காலம் உண்டு. விடுதி கட்ட வந்தவர்கள் அள்ளிய அள்ளலில் மலாவி ஏரிக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. மணல் போயிற்று, மணலில் கூடு கட்டும் சம்போ போயிற்று, சம்போவைப் புகைபோட்டு விற்ற பெண்களின் பிழைப்பும் போயிற்று. பிறகு வெளிநாட்டுத் திட்டம் ஒன்று வந்து, ஆற்றுப் படுகையிலிருந்து லாரியில் மணல் கொண்டுவந்து கரையோரத் தண்ணீரில் கொட்டச் சொன்னது. கொட்டினார்கள். வலைக்காரர்கள் நுழையாதபடி சுற்றிலும் முள்கிளை நட்டு, கணவனை ஏரிக்குக் கொடுத்திருந்த எனலேசியைக் காவலுக்குப் போட்டார்கள்.

கரைக்குழுத் தலைவர் கலெம்போவைக் கூப்பிட்டுக் காட்டினாள். முதலில் அவர் தொப்பை வந்து சேர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்தார்.

"பாம்போ, இது கூடு மாதிரி இல்லையே?" என்றாள். அங்கே ஆணுக்குப் பாம்போ, பெண்ணுக்கு அமாயி என்பது மரியாதை.

"கூடுதான் அமாயி. பெரிய மீனு."

"ஆள் நீளத்துக்கா?"

"ஏன், மீனுக்குக் காலை நீட்டிப் படுக்க ஆசை இருக்காதா? வெள்ளைக்காரன் காசுல போட்ட மணலு. மெத்தை மாதிரி இருந்திருக்கும்!"

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் சிரித்த சிரிப்புக்கு எதிர்க்கரையில் மொசாம்பிக்கில் நாய் குரைத்திருக்கும். கலெம்போவும் சிரித்தார். ஆனால் பள்ளத்தை அவர் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் இன்னும் சில பள்ளங்கள். அதற்கடுத்த நாள் இன்னும் சில, கரைக்கு இன்னும் பக்கத்தில். தோள் அகல முனைகள் எல்லாமே ஊரைப் பார்த்திருந்தன. காற்று அடங்கும் பொழுதுகளில், ஈரத் தரையை யாரோ விளக்குமாற்றால் பொறுமையாகப் பெருக்குவதுபோல ஒரு சத்தம் தண்ணீருக்கடியிலிருந்து வந்தது. அதோடு, மழைக்காலம் முழுக்கப் பெட்டிக்குள் மடித்துக் கிடந்த துணியைப் பிரிக்கும்போது எழுமே, அந்தப் புழுக்க வாடை. ஏரிக்கு ஆயிரம் வாடை உண்டு. இது அதில் ஒன்றில்லை.

ஒரு பள்ளத்தின் விளிம்பில் துணி ஒன்று ஆடியது. இழுத்தாள். மஞ்சள் பூப்போட்ட சிதெஞ்சே, அவள் இடுப்பில் கட்டிய துணி. புருஷன் வைசனைப் புதைக்கும்போது அதில்தான் சுற்றினாள்.

ஏரி கொன்றவனை ஊர் இடுகாட்டுக்குக் கொண்டுபோனால் ஏரியும் பின்னாலேயே வரும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. அதனால் நாணலுக்குப் பின்னாலிருந்த மணல்மேட்டில் புதைப்பார்கள். புதைத்துவிட்டு வந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கக் கூடாது. திருடனுக்கு இதைவிட வசதியான வழக்கம் பூமியில் கிடையாது.

எனலேசி போய்ப் பார்த்தாள். மேடு இல்லை. மண்வெட்டி மழித்த தரையும் லாரிச் சக்கரத் தடமும்தான் இருந்தன. லாரி ஆற்றுவரை போய்வரக் கொடுத்த டீசல் காசு கலெம்போவின் வீட்டுக்குத் தகரக் கூரையாகப் போயிருந்தது.

அவர் மரத்தடியில் பொரித்த மரவள்ளி தின்றுகொண்டிருந்தார்.

"என் புருஷனை எங்க கொட்டினீங்க?"

"மெதுவா பேசுங்க அமாயி."

"எங்க?"

"மணல்னா மணல்தான். எந்த மேட்டு மணல்னு மீன் வந்து கேக்கப்போகுதா? திட்டம் நின்னா முதல்ல உங்க வேலைதான் போகும்."

"வேலையை நீங்களே வச்சுக்குங்க, அதுக்கும் ஒரு கூரை போட்டுக்கலாம். எனக்கு அவரோட எலும்பு வேணும். எடுத்துக் குடுங்க, திரும்பப் புதைக்கணும். இல்லேன்னா திட்டத்துக்காரங்க முன்னாடி கத்துவேன்."

கலெம்போ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவள் அலுமினியப் பாத்திரம் ஒன்றை இடுக்கிக்கொண்டாள். சூரியன் ஊருக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். முள்கிளைப் பக்கம் கம்பை நீட்டி, "அந்த இடம்தான், அனேகமா" என்றார் அவர். அந்த 'அனேகமா'வுக்கு அவள் அவரை அங்கேயே முக்கியிருக்கலாம்.

அப்போது ஏரிக்கு நடுவே புகைபோல ஒன்று எழுந்தது. ஏரிப்பூச்சி. வருஷத்தில் சில நாள் கோடி கோடியாகக் கிளம்பி வானம்வரை தூண் கட்டும். அந்தத் தூணுக்குள் புகுந்த வெள்ளாடு கறுப்பாடாகத்தான் வெளியே வரும். மூச்சோடு உள்ளே போனால் ஆளே அடைத்துச் செத்துப்போகலாம். தூண் சரிந்து கரையை நோக்கி வந்தது.

"வாயை மூடிக்கங்க!" என்று கத்தினார் கலெம்போ. கத்துவதற்கு அவர் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

பகல் அணைந்தது.

கண்ணை மூடினாள். இமையில், காதில், மூக்குத் துவாரத்தில் பூச்சி. இரைச்சல். சிதெஞ்சேயால் முகத்தைப் பொத்தினாள். இரைச்சலுக்கு அடியில் அந்தப் பெருக்கும் சத்தம். ஒரு இடத்தில் இல்லை. சுற்றிலும். பிறகு தண்ணீர் சொட்டும் சத்தம். உயரத்திலிருந்து. ஆள் உயரத்திலிருந்து.

ஒரு கை அவள் கையைப் பற்றியது.

பயந்துவிட்டார் மனுஷன் என்று நினைத்தாள். இறுக்கிப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது. சொரசொரவென்று இருந்தது. பிடிக்கப் பிடிக்க விரலிடுக்கில் ஏதோ உதிர்ந்தது.

மணல்.

பூச்சிகள் கலைந்தன. வெளிச்சம் வந்தது.

கலெம்போ அவள் பக்கத்தில் இல்லை. முள்கிளை ஓரமாக, தாடைவரை தண்ணீரில் நின்றார். கன்னம் இரண்டும் பூசணியாக உப்பியிருந்தன. கண்ணில் உயிர் இருந்தது. அது அவளைக் கெஞ்சியது.

அவள் கையை அந்தக் கை விடவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கலெம்போவின் வாய் மெல்லத் திறந்தது. சொல் வரும் என்று காத்தாள். குஞ்சுகள் வந்தன. சம்போக் குஞ்சுகள், கண் மட்டும் தெரிகிற அளவில், கொத்துக் கொத்தாக வழிந்து அவர் முகத்தைச் சுற்றிப் பரவின. தாய்ச் சம்போ குஞ்சுகளை வாயில் வைத்துத்தான் வளர்க்கும். மேயவிடும். நிழல் பட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

பற்றியிருந்த கை உயர்ந்தது. அவள் கையும் கூடவே உயர்ந்தது. கோத்த இரண்டு கைகளின் நிழல் தண்ணீரின் மேல் நீண்டு, கலெம்போவின் முகத்தைத் தொட்டது.

குஞ்சுகள் அத்தனையும் ஒரே திருப்பில் அவர் வாய்க்குள் பாய்ந்தன. அவர் விழுங்கவில்லை. துப்பவில்லை. எல்லாம் உள்ளே போகும்வரை, ஒரு தாயின் பொறுமையோடு, வாயை அகலத் திறந்து வைத்திருந்தார்.