நூற்று நாற்பதாவது மீட்டர்

வெள்ளித் தாது தேடி, துளை போடும் ரிக் வண்டியோடு ரோடோப்பி மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. நல்ல வெயில். பயப்பட எதுவுமே இல்லை. பழைய சுரங்கத்தின் இரும்புக் கதவில் மட்டும் ஐந்து பேருடைய அஞ்சலித் தாள்கள் வெளுத்துப்போய் ஒட்டியிருந்தன.

எழுபத்து நாலில் அரசாங்க ஆட்கள் தங்கமும் வெள்ளியும் தேடி இங்கே குடைந்தார்கள். கூரை சரிந்து அந்த ஐந்து பேரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். மேலிருந்து துளை போட்டுக் குழாயைத் தட்டினால், உள்ளே உயிரோடு இருப்பவர்கள் தலைக்கு ஒரு தட்டு திருப்பித் தட்டுவார்கள். அதுதான் இந்த மலை வழக்கம். முதல் நாள் ஐந்து. மூன்றாம் நாள் இரண்டு. அப்புறம் எதுவும் இல்லை. உடல்களை எடுக்காமலே வேலையை மூடிவிட்டார்கள்.

எங்கள் ரிக் ஓட்டும் ராங்கெலின் அப்பாவும் அதில் ஒருவர். எலும்பாவது கிடைத்தால் அம்மா பக்கத்தில் புதைத்துவிடலாம் என்றுதான் ராங்கெல் இந்த வேலைக்கே வந்தார்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் இரண்டு பேர்தான். குழாயில் வந்த கல் திடீரென்று மாறியது. சாம்பல் நிறப் படிகக்கல், நடுவே கரிக்கோடுபோல வெள்ளித் தாது. நான் துள்ளிக் குதித்தேன். நூற்று நாற்பதாவது மீட்டரில் குழாய் சடாரென்று இறங்கியது.

வெற்றிடம். பழைய சுரங்கம்.

ராங்கெல் எஞ்சினை அணைத்தார். ஸ்பானரால் குழாயை மூன்று முறை தட்டினார்.

ஈர மண் வாசனை மேலே வந்தது.

டங். டங். டங். டங். டங்.

"தண்ணி சொட்டுதுண்ணே," என்றேன்.

"தண்ணிக்கு எண்ணத் தெரியுமாடா, படிச்சவனே?"

போன மழையில் பழைய சுரங்கத்தின் இரும்புக் கதவோரம் மண் அடைப்பு கரைந்து, ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருந்தது. எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன். பாதி சிகரெட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. உள்ளே வெறும் தண்ணீர்தான் என்றார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தேன். தொடவில்லை. அப்பாவின் எலும்பைப் பற்றிக் கேட்டேன்.

யாருடைய அப்பா என்பதுபோலப் பார்த்தார்.

"துளையில சிமென்ட் ஊத்தி அடைச்சிடு தம்பி."

நான் ஸ்பானரை எடுத்தேன். மூன்று தட்டு.

பதில் வந்தது. எண்ணினேன்.

ஆறு.

ஆறாவது தட்டு மட்டும் அதோடு நிற்கவில்லை. அவசர அவசரமாக அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்குப் பின்னால் யாரோ நிதானமாகச் சிமென்ட் மூட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.