வேலை இல்லாத நாய்

மூன்று பேரும் ஹாலுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் நாய் படுக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் சமையலறையிலிருந்து அவளையும், கணினி மேசையிலிருந்து கணவனையும், கட்டிலுக்கு அடியிலிருந்து மகளையும் மூக்கால் முட்டி முட்டி ஒவ்வொருவராகக் கொண்டுவந்து சோபாவில் சேர்த்துவிட்டு, எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து, பெருமூச்சு விட்டுக் கம்பளத்தில் சாயும். பரீட்சை முடிந்து விடைத்தாள் எண்ணுகிற வாத்தியார் மாதிரி இருக்கிறது என்று அவள் ஒருநாள் சொல்லப்போய், வாத்தியார் என்றே அதற்குப் பேர் நிலைத்துவிட்டது. அன்றைக்கும் மூன்று முகங்களையும் பார்த்தது. ஆனால் சாயாமல் திரும்பிப் போய், மகளின் அறை வாசலில் நின்று, இன்னும் யாரோ வரவேண்டியிருப்பதுபோல உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

"உன் பொம்மை எதையாவது தேடுதா குட்டி?" என்று கணவன் கேட்டான்.

"இல்லப்பா. என் பொம்மைய எல்லாம் அது சட்டையே பண்ணாது," என்றாள் மகள். அவளுக்கு ஏழு வயது.

நாய் ஆசை அவனுடையது. கல்யாணமான புதிதில் பனிநாட்டு நாயான ஹஸ்கி வேண்டும் என்றான். அலுவலக நண்பன் ஒருவன் ஆசைப்பட்டு வாங்கிய ஹஸ்கி, வெயில் காலம் முழுக்க ஏசிக்கு நேராக மல்லாந்து கிடப்பதையும், ஏசியை நிறுத்தினால் தெருவே கேட்க ஊளையிடுவதையும் பார்த்துவிட்டு வந்து அந்தப் பேச்சை விட்டான். அடுத்தது கிரேட் டேன். மேல்மாடிக்காரர் வளர்த்த கிரேட் டேன் லிஃப்டில் ஏறினால் மனிதர்கள் படியில்தான் இறங்க வேண்டும். கடைசியில் பார்டர் கோலியில் வந்து நின்றான். பச்சை மலைச்சரிவில் ஒரே ஒரு நாய் இருநூறு ஆட்டைக் குரைக்காமல், கடிக்காமல், வெறும் பார்வையால் ஓட்டிக்கொண்டு போகிற வீடியோவைப் படுக்கையில் கிடந்தபடி பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவான்.

"உலகத்துலயே புத்திசாலி நாய் இதுதான்," என்றான்.

"நமக்கு எதுக்குங்க அவ்வளவு புத்தி? இருக்கிற புத்திய வச்சுக்கிட்டே பால் பொங்காம பாத்துக்க முடியல."

நாய் வளர்க்கும் பண்ணைக்காரர் இரண்டு பக்கத்துக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார். தோட்டம் உண்டா? உண்டு. தினமும் ஒரு மணி நேரம் ஓடவிடுவீர்களா? விடுவோம். ஏழாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டில், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற அவள் கணவன் கொஞ்சமும் கூசாமல் எழுதிக்கொண்டே போனான். கடைசிக் கேள்வியில் மட்டும் பேனா நின்றது. நாய்க்கு என்ன வேலை கொடுக்கப் போகிறீர்கள்? வேலை கொடுக்காவிட்டால் இந்த இனம் தானாக ஒன்றைத் தேடிக்கொள்ளும். கொஞ்சம் யோசித்து, எங்கள் மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அவளுக்கு வேலை, காது பரிசோதிக்கும் மையத்தில். சத்தம் புகாத சின்னக் கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, வெளியிலிருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவாள். கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்றுமே அனுப்பாதபோதும் சிலர் அழுத்துவார்கள். பயந்தவர்கள், கேட்க வேண்டும் என்று அதிகம் ஆசைப்படுகிறவர்கள். அவற்றைச் சிவப்புப் பேனாவால் அடித்து ஒதுக்கிவிட்டுத்தான் கணக்கெடுக்க வேண்டும். ஒன்பது வருஷமாக, இல்லாத சத்தங்களை அடித்து அடித்துப் பழகிய கை. வெற்று அறையை நாய் முறைத்துக்கொண்டு நின்றபோதும் அவள் மனம் அதே பேனாவைத்தான் எடுத்தது.

அடுத்த வாரத்திலிருந்து வாத்தியார் ஹாலில் படுப்பதை விட்டுவிட்டது. மகளின் அறை வாசலில், வயிறு தரையில் படுகிற அளவுக்குத் தாழ்ந்து, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, தலையை நீட்டி, அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த வெறும் சுவரை இமை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். மகள் உள்ளே போனால் குறுக்கே புகுந்து, முழங்காலில் தோளைக் கொடுத்து, வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். பிறகு ஓட ஆரம்பித்தது. அலமாரிப் பக்கமிருந்து ஜன்னல் பக்கம், அங்கிருந்து மறுபடி அலமாரிப் பக்கம், அரைவட்டமாக, நாள் முழுக்க, நகங்கள் தரையோட்டில் கிரீச் கிரீச்சென்று தேய, பாதம் வெடித்து ரத்தம் கசிந்த பிறகும். வீட்டில் நனைந்த கம்பளி வாடை வர ஆரம்பித்தது. மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. நாயைக் குளிப்பாட்டி, துவட்டி, கழுத்தில் முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தாள். நாயிடம் ஷாம்பு வாசம்தான் அடித்தது. வாடை அறையிலிருந்துதான் வந்தது. மெத்தையை வெயிலில் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மகள் கலர் பென்சில் எடுக்க ஓடியபோது வாத்தியார் அவள் கணுக்காலைக் கவ்வி இழுத்தது. நாலு சிவப்புப் புள்ளிகள். தோல் கிழியவில்லை. நாய் பழக்குகிற பயிற்சியாளர் வந்து, வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார்.

"நாய் மேல தப்பு இல்லீங்க. உங்க வாழ்க்கைக்கு இந்த நாய் ஒத்துவராது. வேலை இல்லாம மூளை கெட்டுப்போச்சு."

அவளும் அதையேதான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பண்ணைக்காரரைக் கூப்பிட்டு, தோட்டம் இல்லை, ஓட்டம் இல்லை, எல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டாள். சந்தேகப்படுவாரோ என்று நாய் ஓடுவதை வீடியோ எடுத்தும் அனுப்பினாள். ஒத்துவரவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். சனிக்கிழமை கொண்டுவரச் சொன்னார்.

சனிக்கிழமை காலை கணவன் நாய்க்கு வாரை மாட்டினான். ஒரு நாளும் குரைக்காத நாய், லிஃப்ட் வாசலில் திரும்பி நின்று வீட்டைப் பார்த்துக் குரைத்தது. நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. அவன் அதைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. லிஃப்ட் கீழே இறங்க இறங்க அந்தக் குரைப்பும் மாடி மாடியாக இறங்கியது. மகள் அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு மாதமாக நுழைய முடியாத தன் அறைக்குள் சந்தோஷமாக ஓடினாள்.

அவள் வீட்டை மூன்று முறை துடைத்தாள். கிருமிநாசினி, வெந்நீர், மறுபடி கிருமிநாசினி. நாய் படுத்த கம்பளத்தைச் சுருட்டி பால்கனியில் போட்டாள். மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி நிமிர்ந்தபோது வாடை இருந்தது. காலையில் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. நாய் போன வீட்டில் யாரை முகர்ந்து பார்ப்பது என்று தெரியாமல் தன் சேலைத் தலைப்பையே எடுத்து முகர்ந்தாள்.

மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். தலை கலைந்திருந்தது. நெற்றி வியர்த்திருந்தது.

"ஃபேன் போட்டுக்க வேண்டியதுதானே குட்டி?"

"போட்டுத்தாம்மா இருக்கேன். ரூம்ல ரொம்ப நெருக்கமா இருக்கு."

இறைந்து கிடக்கிற சாமானை எல்லாம் ஒழுங்காக எடுத்து வைத்தால் நெருக்கம் ஏன் வருகிறது என்று ஒரு திட்டுத் திட்டி அனுப்பினாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில் போன் அடித்தது. பண்ணைக்காரர்.

"நீங்க அனுப்பின வீடியோவ இப்பதாம்மா பாத்தேன். முன்னாடியே பாத்திருக்கணும், தப்பு என்னுதுதான். அந்த ரூம்ல என்ன வச்சிருக்கீங்க?"

"என்ன வச்சிருப்போம்? கட்டில், அலமாரி, படிக்கிற மேசை. பைத்தியம் புடிச்ச மாதிரி சும்மா ஓடுதுன்னு காட்டத்தானே அனுப்பினேன்."

"சும்மா ஓடலம்மா. முப்பது வருஷமா இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ண மட்டும் நிறுத்தணும்னா நாய் ஓடாது, எதிர நிக்கும். இந்தப் பக்கம் பிதுங்குறத உள்ள தள்ளிட்டு, அந்தப் பக்கம் பிதுங்குறதுக்குள்ள ஓடுறான் பாருங்க, இது கூட்டத்த அடைச்சு வைக்கிற ஓட்டம். அவன் வளைவோட அகலத்தப் பாத்தா..." அவர் குரல் தயங்கியது. "முப்பது தலை இருக்கும்மா."

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"இங்க இறக்கிவிட்டதுலேர்ந்து தண்ணி கூட குடிக்கல. வேலைய பாதியில விட்டுட்டு வந்தவன் மாதிரி ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறான். திருப்பிக் கொடுத்து அனுப்பலாம்னா உங்க வீட்டுக்காரர் கிளம்பி ரொம்ப நேரமாச்சு. இந்நேரம் வீட்டுப் பக்கம் வந்திருப்பாரு."

ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் எந்த நோயாளியையும் கேட்காத கேள்வியை இப்போது கேட்டாள். இல்லாதது என்று அடித்த சத்தம் இருந்துவிட்டால் என்ன என்ற கேள்வி.

"நாய் இல்லன்னா... அந்தக் கூட்டம் என்ன பண்ணும்?"

"கொஞ்ச நேரம் நம்பாம அங்கயே நிக்கும். அப்புறம் ஒண்ணு அடி எடுத்து வைக்கும். மத்ததெல்லாம் பின்னாடியே வந்துரும். வாசல் எங்க இருக்கோ அங்க. நடுவுல எது மாட்டினாலும் சேத்துத் தள்ளிக்கிட்டுப் போயிரும்."

"எப்படி நிறுத்துறது?"

"வாசலுக்கு முன்னாடி போய்த் தாழ்ந்து நிக்கணும். கண்ணெடுக்கக் கூடாது. கத்தவே கூடாதும்மா. கத்தினா மிரளும். மிரண்டா நடுவுல இருக்கிறது மிதிபட்டுச் செத்துரும்."

அப்போதுதான் அவள் கவனித்தாள். இவ்வளவு நேரமும் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மகளின் பாட்டு நின்றிருந்தது.

போன் கையிலிருந்து நழுவி சோபாவில் விழுந்தது. காது தானாகக் கூர்ந்தது. கண்ணாடி அறைக்குள் அனுப்புகிற ஒலிகளில் கடைசி ஒலி ஒன்று உண்டு, நல்ல காதுக்கும் எட்டுமா எட்டாதா என்கிற அளவில். அந்த அளவில் ஏதோ கேட்டது. ஒரு சத்தம் இல்லை. பல. ஒன்றோடொன்று உரசுகிற, இடம் மாறி மாறி நிற்கிற, மெல்ல மூச்சு விடுகிற பல. அதை அடித்து ஒதுக்க அவளால் முடியவில்லை.

மகளின் அறைக் கதவு திறந்தது. கை வைத்துத் திறப்பதுபோல இல்லை. அகலமான ஏதோ ஒன்று சாய்ந்து தள்ளுவதுபோல, மெதுவாக, கீல் முனக, சுவரில் போய் ஒட்டிக்கொள்கிற வரை திறந்தது.

நடைவழியின் இரண்டு சுவர்களிலும் மகள் வரைந்த படங்கள் இடுப்பு உயரத்தில் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. அறைக்குப் பக்கத்திலிருந்த முதல் படம் கசங்கியது. எதிர்ச்சுவரில் ஒன்று கசங்கியது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது.

வாடை.

இருட்டில் மகள் வந்தாள்.

நின்றபடி வந்தாள். நடக்கவில்லை. கவுன் நாலு பக்கமும் உடம்போடு அழுந்தி, விலா எலும்பு தெரிய ஒட்டியிருந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் இறுகிக்கிடந்தன. கன்னம் ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது. அம்மா என்று கூப்பிட அதில் மூச்சு இல்லை. கால்விரல்கள் தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கின.

அவள் ஓடிப்போய் அள்ளத்தான் போனாள். மகளுக்கு இரண்டடி முன்னால் கை எதிலோ மோதியது. வெதுவெதுப்பாக. ஈரமாக. அது அவள் கையைத் தள்ளிக்கொண்டே முன்னேறியது.

வாசல். வாசலுக்கு முன்னாடி.

பின்னால் பின்னால் நகர்ந்தாள். முதுகு வாசற்கதவைத் தொட்டதும் முழங்காலிட்டாள். உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றினாள். தாழ்ந்தாள். தலையை நீட்டினாள். பார்த்தாள்.

நின்றன.

மகளின் உடம்பு ஒரு குலுங்குக் குலுங்கி நின்றது. வலப்பக்கச் சுவரில் ஒரு தாள் நடுங்கியது. அவள் வலப்பக்கம் நகர்ந்தாள். நடுக்கம் அடங்கியது. இடப்பக்கம். நகர்ந்தாள். அடங்கியது. முழங்கால் தோல் உரிந்தது. மகளின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலை விட்டு விலகினால் மகள் கூட்டத்தோடு போய்விடுவாள். விலகாவிட்டால் மூச்சு போய்விடும். அவள் விலகவில்லை.

முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் வந்து நின்றது.

அந்தச் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும். சாவிக்கொத்துச் சத்தமும் தெரியும். வராதீங்க என்று ஒரு வார்த்தை போதும். கத்தக் கூடாது. மெதுவாகச் சொன்னாள். மூச்சுக்காற்று அளவுக்குச் சொன்னாள். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எந்தக் காதுக்கும் அது எட்டாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

"ஏன் லைட்டு கூட போடாம உக்காந்திருக்கீங்க?" என்று கதவிடுக்கின் இருட்டைப் பார்த்து வெளியிலிருந்து களைத்த குரல் கேட்டது.

சாவி திரும்பியது. வெளிவராந்தாவின் வெளிச்சம் ஒரு கோடாக அவள் தோளைத் தாண்டி ஹாலுக்குள் விழுந்து, அகன்று, தரையைத் தொடாத இரண்டு சின்னக் கால்கள் வரைக்கும் போனது. நடைவழியின் இரண்டு சுவர்களிலும் எல்லாப் படங்களும் ஒரே நேரத்தில் கசங்கின.