நிற்கச் சொன்ன முஷ்டி

அந்த வண்டி வந்துகொண்டே இருந்தது. வந்து சேரத்தான் இல்லை.

புதுத் தாரின் நெடி தொண்டையில் ஒட்டிக்கொள்ள, பைன் மரங்களில் சில்வண்டுகள் காதைக் கிழிக்க, வட கரோலினாவின் ஆகஸ்ட் வெயிலில் 'நில்' பலகையைப் பிடித்தபடி சாலை வேலையின் ஒரு முனையில் நின்றிருந்த வெண்டல், கால் மணி நேரமாக அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். வளைவுக்கு அப்பால் ஏதோ பழைய வண்டி இழுத்து இழுத்து ஏறுகிற சத்தம். வளைவிலோ ஒரு ஈ காக்கை இல்லை.

வாக்கி-டாக்கி கரகரத்தது. மறுமுனையில் பலகை பிடிக்கும் லொரெட்டா.

"என்ன சார்ஜென்ட், நின்னுக்கிட்டே தூங்குறியா? உன் பக்கம் ஏதாச்சும் வருதா?"

"சத்தம் கேக்குது. வண்டியத்தான் காணோம்."

"வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சு உனக்கு. தண்ணியக் குடி. கர்ட்டிஸ் ரோலரைப் பின்பக்கமா எடுத்துக்கிட்டு உங்கிட்டதான் வர்றான். ஓரமா நில்லு. அந்த மகராசன் திரும்பியே பாக்க மாட்டான்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தார் நெடியோடு இன்னொரு வாசனை கலந்து வந்தது. ஏலக்காய் போட்ட தேநீர், கூடவே கருகிய ரப்பர்.

வளைவில் வண்டி தெரிந்தது. வெள்ளை டாக்சி. நான்கு மூலையிலும் ஆரஞ்சுப் பூச்சு.

அப்படிப்பட்ட டாக்சியை அவன் ஈராக்கில், ரமாதியில்தான் பார்த்திருக்கிறான். பதினொரு வருடம் ஆகிறது. அப்போது அவன் இருந்த அமெரிக்க மரைன் படையில் ஒருவன் முஷ்டியை உயர்த்தினால் மற்றவர்கள் அப்படியே உறைய வேண்டும். தூக்கிய காலைக் கீழே வைக்கக்கூடாது. எலும்பில் ஏறும்வரை அடித்துப் பழக்கியிருந்தார்கள். சோதனைச் சாவடியில் ஊர்க்காரர்களிடமும் அதே முஷ்டியைத்தான் காட்டினான். மொழிபெயர்ப்பாளன் ஹாஸிம் ஒரு வாரம் முன்பே சொன்னான்: "சார்ஜென்ட், இங்க முஷ்டியைக் காட்டுனா நில்லுன்னு யாருக்கும் புரியாது. ஏதோ உற்சாகமா வரவேற்கிறீங்கன்னு நினைப்பாங்க."

"பெரிய ஆராய்ச்சிதான், போய்யா" என்று அவனை விரட்டினான் வெண்டல்.

ஒரு வாரம் கழித்துச் சாவடிக்கு வந்த டாக்சிக்காரன் அவன் முஷ்டியைப் பார்த்துச் சிரித்தான், பதிலுக்குக் கையைத் தூக்கினான், வந்துகொண்டே இருந்தான். வெண்டல் சுட்டான். வண்டியில் ஐந்து பேர்.

"நிற்கச் சொல்லிச் சைகை காட்டினேன், நிற்கவில்லை" என்றான் விசாரணையில். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஹாஸிம் சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டான். விதிப்படி நடந்ததாக எழுதி முடித்தார்கள். ஒரே ஒரு நாள் சிறையில் போட்டிருந்தால் இத்தனை வருடத்தில் ஒரு இரவாவது தூங்கியிருக்கலாம் என்று அவனுக்கு எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது. தானாகப் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை.

டாக்சி பக்கத்தில் வந்தது. பலகையைப் பார்த்தது. சமர்த்தாக நின்றது.

எஞ்சின் அணைந்தது. சில்வண்டுகளும் அடங்கின.

பின்னால், தூரத்தில், ரோலரின் பீப். பீப்.

ஓரமாகப் போக வேண்டும். நான்கு எட்டு. அவன் இடது காலைத் தூக்கினான்.

டாக்சிக்காரன் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினான். விரல்களை மடக்கினான். முஷ்டி.

வெண்டலின் உடம்பு நின்றது.

தூக்கிய இடது கால் தூக்கியபடியே நின்றது. இமை அசையவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. எரிந்தது. துடைக்க முடியவில்லை.

பீப். பீப். தரை அதிர்ந்தது.

"வெண்டல்! நகருடா!" வாக்கி-டாக்கியில் லொரெட்டா அலறினாள். "கர்ட்டிஸ், நிறுத்து! டேய், நிறுத்துடா! வெண்டல், என்னடா பண்ற, நகரு!"

முன் சீட்டில் கிழவர். முஷ்டி. பின் சீட்டில் பையன். முஷ்டி. அவர்கள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

தாரின் சூடு முதுகில் ஏறியது.

பின் ஜன்னலில் ஒரு தாய். மடியில் இரண்டு வயதுக் குழந்தை, விரித்த கையைக் கண்ணாடியில் வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. தாய் அந்தக் கையை மெல்ல எடுத்தாள். சுண்டுவிரலை மடக்கினாள். அடுத்த விரல். அதற்கடுத்தது. பொறுமையாக, ஒவ்வொன்றாக, கட்டைவிரல் வரைக்கும்.