மைனஸ் பன்னிரண்டு நிமிடங்களுக்கு முன்

'படுக்கையறையில் நடமாட்டம்: மைனஸ் பன்னிரண்டு நிமிடங்களுக்கு முன்' என்று மடிக்கணினித் திரை சொன்னபோது அவனுக்குப் பயம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. நெடுநெடுவென்ற உயரத்துக்கும் பார்க்கிற வேலைக்கும் சேர்த்து அலுவலகத்தில் அவனுக்கு வைத்து, அக்காவும் பிடித்துக்கொண்ட பெயர் மணிக்கூண்டு. எந்தத் தேசத்தில் இப்போது மணி என்ன, எங்கே தேதி மாறிவிட்டது என்ற கணக்கில் புரோகிராம் எழுதுகிறவர்கள் செய்யும் குளறுபடிகளைத் துடைப்பதுதான் பிழைப்பு. நடந்து முடிந்ததைக் காட்டும் இடத்தில் மைனஸ் வந்தால், இனிமேல் நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்கிறது; ஏதோ ஒரு கடிகாரம் முந்திக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். இன்று குளறுபடி சொந்த வீட்டில், சொந்தக் கைவேலையில். பழியைத் தூக்கிப் போட வேறு ஆளில்லை. தனியாக இருப்பதில் இப்படியும் ஒரு கஷ்டம்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தவன் விடியும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தான். பிறகொரு நாள் பேச்சுவாக்கில் அதைச் சொன்னபோது, அவனுக்கு முன்பே விடிந்துவிடுகிற தேசத்தில் இருக்கும் அக்கா அழுதுவிட்டாள். அவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க அவளை விட்டால் ஆளில்லை. அதனால் படுக்கையறை, நடை, கூடம், வாசல் கதவு என்று சென்சார் மாட்டி, ஆப்பையும் அவனே எழுதினான். எதிரே ஆள் அசைந்தால் சென்சாரில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். அக்காவின் போனில் ஒரு வரி விழும். கூடத்துச் சிவப்பு விளக்கைக் கடக்கும்போதெல்லாம் அவன் கையை ஆட்டிவிட்டுப் போவான். அக்காவுக்குக் கை தெரியாது, வரி மட்டும்தான் தெரியும். இருந்தாலும் ஆட்டுவான். அவன் கையாட்டுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

சென்சார்களின் கடிகாரத்தைப் பார்த்தான். சரி. தேதி சரி. எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பும் சரி. பழைய திரைக்குத் திரும்பினால் மைனஸ் பன்னிரண்டு இப்போது மைனஸ் ஒன்பது ஆகியிருந்தது. கீழே புதிதாக வரிகள். நடை, மைனஸ் பத்து. கூடம், மைனஸ் பதினொன்று. வாசல் கதவு திறந்து மூடியது, மைனஸ் பன்னிரண்டு. கடைசியில், 'வீட்டில் யாரும் இல்லை'. கதவு மூடியபின் உள்ளே எதுவும் அசையாவிட்டால் வருவதற்காக அவனே எழுதிய வரி.

அப்படியானால் நான்தான் எங்கேயோ கிளம்பப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டான். எங்கே? இந்த இரவில் அவனை வாவென்று கூப்பிட யாருமில்லை. சரி, நாற்காலியை விட்டு எழாமலே இருந்துவிட்டால் அத்தனை வரியும் பொய்யாகிவிடும். துணைக்கு அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேஜையில் வைத்தான். காரணம் சொல்லவில்லை; சொன்னால் மறுபடி அழுவாள். அங்கே காலை. தோசைக்கல்லா, வாணலியா, ஏதோ சுரண்டும் சத்தத்துக்கு நடுவே அத்தானின் குறட்டையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தாள். அவன் உம் கொட்டினான். ஃபிரிட்ஜ் முனகி ஓய்ந்தது. அந்த அமைதியில், நடையின் கோடியில் பாதி திறந்திருந்த படுக்கையறைக் கதவுக்கு அப்பாலிருந்து, நனைந்த தரையும் சோப்பும் கலந்த ஒரு வாசனை மெதுவாகக் கூடத்துக்கு வந்தது. அவனுக்குத் தெரிந்த வாசனை. ஓர் இரவு முழுக்கக் கன்னத்துக்குக் கீழேயே இருந்த வாசனை.

படுக்கையறை இருட்டில் சிவப்பு மினுக்கியது.

"என்னடா, பேசிட்டே படுக்கப் போயிட்டியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. கூடத்துலதான் உக்காந்திருக்கேன்."

"யாருகிட்ட விடற? இதோ வரி வந்திருக்கே." மறுபடி சுரண்டும் சத்தம்; பிறகு அது நின்றது. "இப்ப நடைல வர்ற. தூக்கத்துல நடக்கறியா, மணிக்கூண்டு?"

நடையில் விளக்கு மினுக்கி அணைந்தது. ஈரக் கால் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. அவசரமில்லாத கால்.

அவன் மூச்சை அடக்கினான். அசையவில்லை. விரல்கூட.

தலைக்கு மேலே கூடத்து விளக்கு மினுக்கியது.

நாற்காலிக்குப் பின்னால் ஈரம். திரும்பவில்லை. தோளுக்கு மேலாக ஏதோ நீண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது மேஜையில் போன் இல்லை.

தாழ்ப்பாள். கதவு. செருப்பை மாட்டும் சரசரப்பு. கதவு மூடியது.

"அக்கா!" என்று கத்தினான்.

"ஹலோ? லைன்ல இருக்கியாடா?" அக்காவின் குரல் இப்போது வெளியே, மாடிப்படியில்.

"சொல்லுக்கா," என்றது அங்கிருந்து அவனுடைய குரல். "இங்கதான் இருக்கேன்."

அக்கா சிரித்தாள். நிம்மதியான சிரிப்பு. அது படிப்படியாகக் கீழே இறங்கிப் போனது.

அவன் எழுந்தான். கூடத்து விளக்குக்கு நேர் கீழே போய் நின்றான். கையை ஆட்டினான். மினுக்கவில்லை. திரையில் புதிய வரி, முதல்முறையாக மைனஸ் இல்லாமல்: 'வீட்டில் யாரும் இல்லை: சற்று முன்.'

இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான்.

ஆட்டிக்கொண்டே இருந்தான்.